பனுவா நிஹா கெரிசோ: சபையா, ஊரா?

இந்தோனேசியாவில், சுமத்ராவுக்கு மேற்கே கடலில் கிடக்கும் நியாஸ் தீவின் பெரிய திருச்சபைக்குப் பெயர் 'பனுவா நிஹா கெரிசோ புரொட்டஸ்டான்'. தமிழில் 'நியாஸ் புரொட்டஸ்டன்ட் திருச்சபை' என்று எழுதிவிடலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெயரின் உயிர் முதல் சொல்லில் இருக்கிறது. அது 'சபை' என்பதில் வராது.

'நிஹா' என்றால் மனிதர். தீவு மக்கள் தங்களை 'ஓனோ நிஹா', அதாவது மனிதரின் பிள்ளைகள், என்கிறார்கள். 'கெரிசோ' கிறிஸ்துதான். நியாஸ் மொழியில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் முடியாது, மெய்கள் சேர்ந்தும் வராது. அதனால் 'க்ரி' பிரிந்து 'கெரி' ஆனது. நாமும் 'கிறி' என்று பிரித்து, கடைசியில் ஓர் உகரம் சேர்த்துத்தானே சொல்கிறோம்! ஆக, 'நிஹா கெரிசோ' என்றால் கிறிஸ்தவர்.

சரி, 'பனுவா'? கிராமம், மக்கள் வாழும் நிலம். தென்கிழக்காசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் பழைய சொல் இது. மலாயில் கண்டத்தைக் குறிக்கும் 'பெனுவா', பிஜியில் 'வனுவா', மாவோரியில் 'ஃபெனுவா' எல்லாம் இதன் உறவு. வனுவாட்டு நாட்டின் பெயரிலும் இது இருக்கிறது.

தெற்கு நியாஸின் பாவோமத்தலுவோ கிராமத்தைப் பார்த்தால் 'பனுவா' புரியும். கல் பாவிய நீண்ட முற்றம், இருபுறமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் மரவீடுகள். வாசலுக்கு வந்தாலே ஊர் முன் நிற்கிறோம்.

1865-இல் ஜெர்மன் மிஷனரி டென்னிங்கர் நியாஸின் குனுங்சித்தோலி நகரில் இறங்கினார். அதற்கு முன்பே சுமத்ராவின் பாடாங் நகரில் குடியிருந்த நியாஸ் மக்களிடம் அவர்கள் மொழியைக் கற்றிருந்தார். 1936-இல் முதல் சினோடு, அதாவது திருச்சபைப் பேரவை, கூடித் தனிச் சபையானபோதும் 'சபை' என்பதற்குக் கடன் சொல் தேவைப்படவில்லை. 'பனுவா' போதுமாக இருந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், சிறுபான்மை மதம் ஒன்று தன் வீட்டுச் சொல்லாலேயே பெயர் வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

தமிழில் இதற்கு நேர் சொல் 'ஊர்'. 'ஊரே திரண்டு வந்தது' என்னும்போது இடத்தையா சொல்கிறோம்? மக்களைத்தான். சோழர் கல்வெட்டுகளில் வேளாண் கிராமத்தின் அவைக்கே 'ஊர்' என்று பெயர். 'சபை' பிரமதேயம் எனப்பட்ட, பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட கிராமங்களின் அவை. இடம், மக்கள், கூட்டம் மூன்றும் 'ஊர்' என்ற ஒரு சொல்லில் இருக்கின்றன.

பெயராக எழுதும்போது 'பனுவா நிஹா கெரிசோ' என்றே விடலாம். பொருள் சொல்லும் இடத்தில் 'கிறிஸ்தவர் ஊர்' என்று எழுதுங்கள்.