நிதி குறைந்தால் எதை விடுவது? துறைகளே எழுதித் தர வேண்டிய குறைப்புப் பட்டியல்

ஓர் அரசுத் துறை அடுத்த ஆண்டுக்கான பணத்தைக் கேட்கும்போதே, அதில் 10 விழுக்காடு கிடைக்காமல் போனால் எந்த வேலையை முதலில் கைவிடும், அடுத்து எதைக் கைவிடும், அதனால் யாருக்கு என்ன இழப்பு நேரும் என்பதையும் வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும் என்பதே குறைப்புப் பட்டியல் முறை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் துறைகள் இத்தகைய 10 விழுக்காட்டுப் பட்டியலை இணைத்தே தங்கள் கோரிக்கையை அளிக்கின்றன. டெக்சாஸிலும் பலமுறை இதே அளவுக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாநிலங்களும் ஈராண்டுக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டம் போடுபவை. இடையில் வருவாய் சரிந்தால் எங்கே கை வைப்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது அவர்களுக்கு அவசியம். பட்டியலில் இடம்பெற்றதாலேயே ஒரு வேலை நின்றுவிடாது. வெட்டுவதா, வேண்டாமா என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்யும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 203ஆம் பிரிவு, துறைகள் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கையை ஏற்கவும் மறுக்கவும் தொகையைக் குறைத்து ஏற்கவும் மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால், குறைப்பதென்றால் எங்கே குறைப்பது என்று காட்டும் தாள் எதுவும் உறுப்பினர்களின் கையில் இருப்பதில்லை. மானியக் கோரிக்கை ஏடுகளில் கணக்குத் தலைப்பு வாரியாகச் சென்ற ஆண்டுத் தொகையும் இந்த ஆண்டுத் தொகையும் இருக்கும். அந்தத் தொகையில் ஒரு பங்கு குறைந்தால் களத்தில் எது நிற்கும் என்பது இருக்காது. அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தத் தேவையான தகவல் இல்லை என்பதே நம் நடைமுறையின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

இதனால் வெட்டு நின்றுவிடுவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு விழுகிறது. சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி ஆகிய மூன்றையும் தொட முடியாது. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சரும் மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினருமான பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. அப்படியொரு சுமை இருக்கும்போது, நெருக்கடி வந்தால் பராமரிப்பு, பழுது, இன்னும் தொடங்காத சிறு வேலைகள் ஆகியவையே எளிதில் வெட்டுப்படுகின்றன.

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் இதைக் கண்ணால் பார்க்கலாம். கள்ளந்திரிக்குக் கீழே பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பி 85,563 ஏக்கர் ஒருபோக நிலம் இருக்கிறது. கால்வாய் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் மடை ஷட்டரைக் கழற்றிப் பழுது பார்க்கவும், திருகு கம்பிக்குக் கிரீஸ் தடவவும், கரையில் வேர்விட்ட கருவேலை அகற்றவும் முடியும். கிரீஸ் தடவும் செலவு மிகச் சிறியது. அதைத் தவறவிட்டால் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். தண்ணீர் வந்த பிறகு கைப்பிடியைச் சுற்ற முடியாது. கடைமடையில் ஒரு பெரியவர் வைக்கோலும் மண்மூட்டையும் கொண்டு அப்படிப்பட்ட மடையை அடைத்துக்கொண்டிருந்ததை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பீறிட்டது. குறைப்புப் பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால், அந்தக் கால்வாயைக் கவனிக்கும் பொறியாளர் தன் கைப்பட, "ஷட்டர் பராமரிப்பை விட்டால் இத்தனை மடைகள் இயங்கா, இத்தனை ஏக்கர் கடைமடை பாதிக்கும், அதற்குப் பதில் அலுவலகக் கட்டட வெள்ளையடிப்பைத் தள்ளிப்போடலாம்" என்று எழுதியிருப்பார். நிதித் துறையில் கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வரும் 'பராமரிப்பு'தான். வேறுபாடு களத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த எண்ணம் நமக்கு முற்றிலும் புதிதன்று. ஒவ்வொரு செலவையும் அடியிலிருந்து நியாயப்படுத்த வேண்டும் என்னும் பூச்சிய அடிப்படை வரவு செலவுத் திட்டத்தை மத்திய அரசு 1986இல் எல்லா அமைச்சகங்களுக்கும் விரிவுபடுத்தியது. தாள்வேலை மிகுந்ததால் அது வேர்பிடிக்கவில்லை. குறைப்புப் பட்டியல் அவ்வளவு கேட்பதில்லை. மொத்தத்தையும் கிளறாமல், விளிம்பில் உள்ள பத்தில் ஒரு பங்கை மட்டும் எடைபோடச் சொல்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மக்கள் கூச்சலிடுவார்கள் என்று தெரிந்தே, அவர்களுக்கு மிகவும் வேண்டியதைப் பட்டியலின் தலையில் வைக்கும் வழக்கம் துறைகளிடம் உண்டு. 1969இல் நிதி குறைக்கப்பட்டபோது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை வாஷிங்டன் நினைவுத் தூணை வாரத்தில் 2 நாட்கள் மூடியது இதற்கு அங்கே சொல்லப்படும் பழைய உதாரணம். இங்கே தொல்லியல் துறை திருமலை நாயக்கர் மகாலை மூடுவோம் என்று எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஒவ்வொரு வரியிலும் சேமிக்கப்படும் தொகை, பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை, பிற்காலத்தில் வரக்கூடிய கூடுதல் செலவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும், பட்டியலைப் பொதுவில் வெளியிடவும் வேண்டும். கம்பி துருப்பிடித்த பிறகு புது ஷட்டருக்கு ஆகும் செலவு அந்த மூன்றாவது கட்டத்தில் வந்துவிட்டால், கிரீஸை வெட்ட யாரும் துணிய மாட்டார்கள்.

குறைப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கும் விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தனக்கு ஒதுக்கப்பட்ட நிதியையும் உத்தேசச் செலவையும் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கால்வாயைப் பராமரிக்கும் துறையின் கோட்ட அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்பிய மதிப்பீடு எவ்வளவு, ஒதுக்கப்பட்டது எவ்வளவு, அந்த இடைவெளியில் கைவிடப்பட்ட வேலைகள் எவை என்று மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். உங்கள் ஊர் மடையின் பெயரையும் கால்வாயின் பெயரையும் மனுவில் குறிப்பிடுங்கள். பொதுவாகக் கேட்டால் மொத்தத் தொகை மட்டும்தான் பதிலாக வரும்.