எலைசா தட்டிலும் நடவு இடைவெளி உண்டு

கோபிப் பக்கம் எங்கள் அப்புச்சி நடவுக்கு ஆள் விடும்போதெல்லாம் சொல்வார்: "நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை." நெல்லுக்கு நண்டு போகும் இடைவெளி, தென்னைக்குத் தேர் போகும் இடைவெளி என்று அர்த்தம். கோவையில் எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் எலைசா பற்றிப் பேசும்போது நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். எலைசா என்பது, சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஆன்டிபாடி எனும் புரதத்தைப் பூசி, தேடும் பொருளை அது பிடித்ததா என்று நொதி தரும் நிறத்தை வைத்துக் கண்டறியும் சோதனை. அந்தத் தட்டில் ஆன்டிபாடிகளுக்கும் இடைவெளி வேண்டும்.

போன மாதம் ஒரு பெண், தட்டில் ஆன்டிபாடி பூசும்போது மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் போட வேண்டிய இடத்தில் 20 போட்டுவிட்டாள். "நிறையப் போட்டா கலர் தூக்கலா வரும்னு நினைச்சேனுங்க்கா" என்றாள். மறுநாள் அமிலம் விட்டு நிறுத்தியபோது, வழக்கமாக அடர் மஞ்சளாகும் குழிகள் வெளிறிக் கிடந்தன.

ஆன்டிபாடி ஒன்றின் அளவு சுமார் 10 முதல் 15 நானோமீட்டர். இரண்டு கைகளை விரித்து நிற்கும் வடிவம். நெருக்கி அடைத்தால் அந்தக் கைகள் அசைய இடமிருக்காது, அவை பிடிக்க வேண்டிய பொருளான ஆன்டிஜென் உள்ளே நுழையவும் வழியில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்பவை கழுவும்போது பிடித்ததையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

சரி, குறைத்துப் போட்டால்? அது இன்னும் மோசம். தட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் எந்தப் புரதத்தையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். காலி இடத்தில் நிறமூட்டும் நொதி ஒட்டினால், எதுவுமே இல்லாத குழியும் மஞ்சளாகிவிடும். நோய்ச் சோதனையில் இப்படி நடந்தால், நோயில்லாதவரிடம் நோய் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் இடைவெளிகளை மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதத்தாலோ கொழுப்பு நீக்கிய பால்பொடியாலோ அடைக்கிறோம். இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பிளாஸ்டிக் தட்டில் சராசரி நெருக்கத்தைத்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும். தங்கப் பரப்பில் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். தங்கத்தில் ஒட்டும் கந்தக முனை கொண்ட தயால் மூலக்கூறுகளில் நீளமானதையும் குட்டையானதையும் கலந்து விட்டால், நீளமானது ஆன்டிபாடியைத் தாங்கும், குட்டையானது நடுவில் வரப்பாக நிற்கும். கலக்கும் விகிதத்தை மாற்றினால் இடைவெளியும் மாறும். டென்ட்ரான் எனும் கிளைவிட்ட, கூம்பு வடிவ மூலக்கூறுகளில் அடிப்பாகம் அகலம், நுனியில் ஒரே பிடி. பக்கத்தில் நிற்பது நெருங்கவே முடியாது.

நம் ஊர் ஆய்வகங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது லாட் ஆன்டிபாடி வந்தால் பழைய அளவையே நம்பாதீர்கள். தட்டின் நீளவாக்கில் பூசும் ஆன்டிபாடியையும் குறுக்குவாக்கில் நொதி சேர்த்த ஆன்டிபாடியையும் படிப்படியாக நீர்த்துப் பாருங்கள். அப்புறம், பூசிய தட்டை மூடாமல் ஃபேனுக்கடியில் வைத்துக் காயவிடாதீர்கள். பிப்பெட் நுனி குழியின் அடியைச் சுரண்டவே கூடாது.

அந்தப் பெண் மறுபடி 1, 2, 4, 8 என்று பூசிப் பார்த்தாள். 2-க்கு மேல் நிறம் ஏறவில்லை. சீசாவில் மீதமிருந்த ஆன்டிபாடி இன்னும் நான்கு தட்டுகளுக்கு வந்தது.