லயம் ஒரு காலத்தில் நூலாக இருந்தது

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா போனில் கத்திக்கொண்டிருந்தார்: "லைன் சரியில்ல, கேக்குதா? மெயின் லைன்ல மண் சரிஞ்சிருச்சாம், பஸ்லதான் வாறேன், லயத்துக்கு வந்து சேர இருட்டிரும்." மூன்றும் 'லைன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல். முதலாவது தொலைபேசி இணைப்பு, அடுத்தது கொழும்பிலிருந்து பதுளை வரும் ரயில் பாதை, கடைசியில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. அந்தப் பக்கம் கேட்டவர் ஒரு இடத்திலும் தடுமாறியிருக்க மாட்டார்.

இந்தச் சொல் ஒரு செடியில் தொடங்குகிறது. லத்தீனில் ஆளிச்செடிக்கு லினும், அதன் நாரில் திரித்த நூலுக்கு லினியா (கோட்டுக்கு உள்ளே தைக்கிற லைனிங்கும் இதே குடும்பம்தான்). மேசன் பாஸ் சுவர் கட்டும்போது கயிறு பிடிப்பாரே, அப்படி இழுத்துப் பிடித்த நூல் நேராக நிற்கும். அதனால் கோடு, வரிசை, அப்புறம் தண்டவாளம், தந்திக்கம்பி என்று நீளமாக ஓடுகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தோட்டத் துரைமார் ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டி அதையும் லைன் என்றார்கள், நம் வாயில் அது லயமானது. பாட்டில் வரும் லயத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, 10 அடிக்கு 12 அடி காம்பராவில் குடும்பமே படுத்து எழுந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேயிலைச் செடி வரிசையை மட்டும் நிரை என்றே வைத்துக்கொண்டோம்.

சரி, மூளை எப்படிச் சரியான பொருளைப் பிடிக்கிறது? சூழலைப் பார்த்து நேராக அந்த ஒன்றைத்தான் எடுக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் 'பக்ஸ்' என்றால் பூச்சிகள், ஒட்டுக்கேட்கும் கருவிகள் இரண்டும்தான். சிலந்தி, கரப்பான் என்று சொல்லி, பேச்சு பூச்சியைப் பற்றியது என்பதில் சந்தேகமே இல்லாத வாக்கியத்தில் அந்தச் சொல்லைக் கேட்கவைத்து, அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். 'எறும்பு' மட்டுமில்லை, 'உளவாளி'யையும் ஆட்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்பு மட்டும்தான் மிஞ்சியது. அதாவது இரண்டு பொருளும் ஒருகணம் எழும்பி நிற்கிறது, வேண்டாதது நமக்கே தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறது.

எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 'பேட்' என்றால் வௌவால், கிரிக்கெட் மட்டை; வேர் வேறு, ஒலி தற்செயலாக ஒத்துப்போனது. 2002இல் ஜெனிபர் ராட் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் கண்டது: இப்படிச் சம்பந்தமில்லாத பொருள்கள் மோதிக்கொண்டு சொல்லை அடையாளம் காண்பதைத் தாமதமாக்குகின்றன, லைன் போல ஒரு நூலிலிருந்து கிளைத்த பொருள்கள் அதை வேகமாக்குகின்றன.