குரலுக்கு முன்னே ஓடும் கண்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அச்சேறாத நாடகங்களை நண்பர்கள் கூடிய அறையில் ஒருவரே முழுவதுமாக வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. பல பாத்திரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பேசும் காட்சியைத் தனி ஒருவர் தடுமாறாமல் எப்படி வாசித்தார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒருவரே வாசித்ததற்குக் காரணம் எளிது: பெரும்பாலும் இருந்தது ஒரே ஒரு கையெழுத்துப்படிதான். 1737ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிய நாடகம் மேடையேற லார்ட் சேம்பர்லின் என்ற அரசவை உயர் அதிகாரியின் அனுமதி தேவைப்பட்டது. அந்த அனுமதிக்கு அனுப்புமுன், எந்த இடத்தில் சிரிப்பு எழுகிறது, எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்று எழுதியவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே சராசரியாக 0.2 நொடிதான் கழிகிறது. ஆனால், ஒரு சொல்லைத் தேர்ந்து நாவுக்குக் கொண்டுவர மூளைக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். பாத்திரத்தின் பெயரைப் பார்த்த பிறகே குரலை மாற்ற முனைந்தால், பதிலடி ஒவ்வொன்றும் தாமதமாக விழுந்து நகைச்சுவை செத்துவிடும். இங்கே காப்பாற்றுவது கண். உரக்க வாசிப்பவரின் கண், குரல் நிற்கும் இடத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ 2, 3 சொற்கள் முன்னே, சிறு சிறு தாவல்களாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பாத்திரத்தின் கடைசிச் சொற்களை வாய் உச்சரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாத்திரத்தின் பெயரைக் கண் பார்த்துவிடுகிறது. மூச்சும் குரல்வளையும் அதற்குள் ஆயத்தமாகிவிடுகின்றன.

இந்தக் கண்–குரல் இடைவெளியை அளக்கும் பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. வாசித்துக்கொண்டிருப்பவரின் முன்னுள்ள பக்கத்தைத் திடீரென மறைத்துவிட்டு, அதன் பிறகும் அவர் எத்தனை சொற்களைச் சொல்கிறார் என்று எண்ணினால் போதும். (இத்தனை மலிவான சோதனைக்கு இன்று ஒரு நிதிக்குழு பணம் தருமா என்பது ஐயமே.) சிகாகோவில் பஸ்வெல் என்ற ஆய்வாளர் கண்ணசைவை ஒளிப்படச் சுருளில் பதிவுசெய்து 1920இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த வாசகர்களிடம் இந்த இடைவெளி அகலமாக இருப்பதைக் காட்டியது. அகலத்தால் விளையும் நன்மை ஆங்கிலத்தில் பளிச்சென்று தெரியும்: ஒரே எழுத்துக்கூட்டல் (tear), ‘டியர்’ என்றால் கண்ணீர், ‘டேர்’ என்றால் கிழிசல், அடுத்து வருவது கன்னமா சட்டையா என்று கண் முன்கூட்டியே பார்த்தால்தான் வாய் சரியாக ஒலிக்கும். கடினமான பகுதி வந்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. கிறுக்கலான கையெழுத்தும் அதையே செய்திருக்கும்.

ஆனால், இந்த முன்னோட்டம் ஒரு நொடிக்கு உட்பட்டது. அடுத்த சொல்லைக் காட்டுமே தவிர, அடுத்த காட்சியைக் காட்டாது. 1779 ஆகஸ்டில், ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி எழுதிய ‘தி விட்லிங்ஸ்’ நாடகத்தை அவருடைய தந்தை சார்லஸ் பர்னி செசிங்டனில் கூடியிருந்தோருக்கு வாசித்தார். தொப்பி, நாடா விற்கும் கடையில் பலரும் பேசுவதாகத் தொடங்கும் முதல் அங்கம் எல்லோரையும் மகிழ்வித்ததாக, அங்கில்லாத ஃபேனிக்குத் தங்கை சூசன் எழுதினார். பின்னர் ஒரு கட்டத்தில் தந்தையின் குரலும் பார்வையும் மூச்சும் களைத்துவிட்டன என்றும், வரப்போவது இன்னதென்று அறியாததால், நீ நினைத்த உணர்ச்சியை அவரால் எப்போதும் கொண்டுவர முடியவில்லை என்றும் அதே கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்.