உயில்: சொல்லும் பொருளும்

ஒருவர் தம் சொத்து தமது மறைவுக்குப் பின் யாரைச் சேர வேண்டும் என்று வாழும் காலத்திலேயே எழுதிவைக்கும் ஆவணம் உயில் எனப்படுகிறது. ‘உய்’ என்னும் வினையின் சாயல் இருப்பதால் இதைத் தூய தமிழ்ச் சொல்லாகக் கருதத் தோன்றும். உண்மையில் இது ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிப்பே. உதடு குவித்துச் சொல்லும் அதன் முதலொலி நம் செவியில் உகரமாக விழுந்தது. கன்னடத்திலும் இது ‘உயிலு’ ஆயிற்று. தெலுங்கர் ஆவணம் எனப் பொருள்படும் பாரசீக ‘நாமா’வைச் சேர்த்து ‘வீலுநாமா’ என்றனர். மலையாளிகளோ அரபியின் ‘வசிய்யத்’தை ‘ஒஸ்யத்து’ ஆக்கிக்கொண்டனர்.

ஆங்கில மூலத்தின் அடிப்படைப் பொருள் விருப்பம் என்பதாகும். தமிழில் முன்பு வழங்கிய ‘மரண சாதனம்’ அந்தப் பொருளை விட்டுவிட்டு இறப்பை முன்னிறுத்துகிறது (சாதனம் என்றால் பத்திரம்). சொத்துப் பேச்சை எடுப்பதே அபசகுனம் என்று தயங்கும் வீடுகளில் அப்பெயர் தயக்கத்தை மேலும் வளர்க்கும். ‘விருப்புறுதி’, ‘விருப்பாவணம்’ ஆகிய இரண்டும் பொருத்தமானவை. எழுதியவர் தெளிந்த அறிவோடு உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம் என்பதால், உறுதி என்பதைவிட விருப்பத்தையே முதன்மையாக்கும் ‘விருப்பாவணம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பத்திரப்பதிவு அலுவலக வாசலில் மக்கள் பெரிதும் குழப்பிக்கொள்வது உயிலையும் ‘தான செட்டில்மென்ட்’ எனப்படும் கொடைப் பத்திரத்தையும்தான். கொடைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஏற்கப்பட்டதும் உரிமை கைமாறிவிடும். பிள்ளைக்கு வீட்டை எழுதிக்கொடுத்த பெற்றோர் மனம் மாறினாலும் எளிதில் திரும்பப் பெற முடியாது. உயிலால் எழுதியவரின் வாழ்நாளில் எவருக்கும் எந்த உரிமையும் பிறப்பதில்லை. அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும் என்கிறது. இந்துக்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கையும் உயிலில் எழுதலாம் என்பதை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தெளிவாக்கியது. இசுலாமியச் சட்டப்படி, வாரிசுகள் இசைந்தாலன்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது.

‘நாமினி’ என்னும் நியமனதாரரும் உயில்வழி உரிமை பெறுபவரும் ஒருவரல்லர். காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே நியமனதாரர், அத்தொகை வாரிசுகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 2015இல் வந்த காப்பீட்டுச் சட்டத் திருத்தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நியமிக்கப்பட்டிருந்தால் மட்டும் இதை மாற்றியது. வங்கிக் கணக்கில் ஒரு மகளின் பெயரை நியமித்துவிட்டு, அதே பணத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் உயிலில் பகிர்ந்தவர், இவ்வேறுபாட்டைக் குடும்பத்தாரிடம் முன்னரே விளக்கிவிடுவது நல்லது.

எழுதிய உயிலில் சிறு திருத்தம் மட்டும் வேண்டுமெனில் ‘கோடிசில்’ எழுதுவர். இதைத் துணை விருப்பாவணம் எனலாம்; மூல உயிலின் பகுதியாகவே கொள்ளப்படும் இதற்கும் அதே இரு சாட்சிகள் விதி பொருந்தும்.