தைராய்டு: சொல்லும் நோயும்

"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று பாலக்கோட்டு அத்தை சொன்னபோது, "எனக்கும் இருக்கிறது அத்தை, எல்லாருக்கும் இருக்கிறது" என்றேன். அவர் பதறிப்போய் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தைராய்டு என்பது உறுப்பின் பெயர். நம் பேச்சில் அது நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஈரலில் கோளாறு வந்தவர் "எனக்கு ஈரல் இருக்கிறது" என்று சொல்வதில்லையே!

கிரேக்கத்தில் 'தைரா' என்றால் கதவு. வாசலை அடைக்கும் பெருங்கல்லுக்கு அதிலிருந்து ஒரு பெயர் பிறந்தது; பிறகு கதவு போல நீண்ட கேடயத்துக்கும் அதே பெயர் ஆயிற்று. தொண்டையின் முன்புறம் விரலுக்குத் தட்டுப்படும் குருத்தெலும்பு கேடயம் போலிருந்ததால் பழைய கிரேக்க மருத்துவர்கள் அதைக் கேடய வடிவானது என்றார்கள். அதற்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் சுரப்பிக்கு, 1656இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன் அந்தப் பெயரையே சூட்டினார். அதாவது, பக்கத்துக் குருத்தெலும்பின் பெயரைச் சுரப்பி வாங்கிக்கொண்டது.

தமிழில் 'கேடயச் சுரப்பி' என்று எழுதுகிறார்கள். கேடயம் வடமொழி வழி வந்த சொல். பழந்தமிழில் கிடுகு, தோல் என்றார்கள். தகடூர் என்ற தர்மபுரி நாட்டுக்காரர்களான நமக்குக் கேடயம் புதிதல்ல. வயலோரத்திலும் அருங்காட்சியகத்திலும் நிற்கும் நடுகல் வீரர்களில் சிலர் அதை ஏந்தி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அன்றாடப் பேச்சில் தைராய்டு என்ற சொல்லே போதும் என்பது என் எண்ணம். திருத்த வேண்டியது நோயின் பெயரை.

பழைய பெயர் ஒன்று உண்டு: கழுத்துக் கழலை. உணவில் அயோடின் குறைந்து சுரப்பி வீங்குவதை அப்படிச் சொன்னார்கள். அதற்காகத்தான் 1962இல் நாட்டளவில் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்த்தார்கள். அத்தைக்கு வந்தது அதுவல்ல, ஹஷிமோட்டோ நோய். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து, அவற்றில் வெள்ளணுக்கள் திரண்டு கிடந்ததை எழுதினார். உடலின் காவற்படையே சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956இல்தான் தெளிவாயிற்று. இத்தகைய நோய்களுக்குத் தமிழில் தன்னெதிர்ப்பு நோய், தன்னுடல் தாக்குநோய் என்று இரு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டாவதே எனக்குப் பிடித்தது. கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்குகிறது. நம் பழைய சொல்லில் சொன்னால் இது உட்பகை.

பெயர் சரியாக இருந்தால் வைத்தியமும் தடம் மாறாது. "தைராய்டுக்கு அயோடின் நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அத்தை கடற்பாசி மாத்திரை வாங்கி வைத்திருந்தார். உட்பகை உள்ள சுரப்பிக்கு மிகுந்த அயோடின் கேடு. வழக்கமான அயோடின் உப்பே போதும். அமுக்கராக் கிழங்குச் சூரணமும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடக்கூடும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முடிவுகள் தவறாக வரக்கூடும். முட்டைக்கோஸைக் கண்டு அஞ்ச வேண்டாம், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

'இயற்கை வழி' என்பதை மாத்திரைக்கு மாற்று என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. நல்ல உறக்கம், நடை, அளவான உணவு எல்லாம் உடலைத் தாங்கும். ஆனால் சுரப்பி அழிந்து ஹார்மோன் குறைந்துபோனால் அதை ஈடுகட்டத் தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை வேண்டும். சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல், தாங்காத குளிர் என்று இந்நோய் மெல்ல வருகிறது. ஓசூரில் இருக்கும் என் தோழி தன் குளிரை ஊர்க்குளிர் என்றே எண்ணி இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டாள்.

அத்தையிடம் நான் கண்ட தவறு இன்னொன்று. விடியற்காலையில் எவர்சில்வர் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ், உள்ளங்கையில் அந்தச் சிறிய வெள்ளை மாத்திரை. கூழோடு சேர்த்தே அதை விழுங்கிக்கொண்டிருந்தார். உணவோடு போனால் மாத்திரை சரியாக உடலில் சேராது. கேழ்வரகிலோ சுண்ணாம்புச் சத்து வேறு மிகுதி. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துச் சாப்பிட வேண்டும். காப்பிக்கும் அதே கணக்கு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி.

இப்போது அத்தை ஐந்தரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தீனி வைத்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு முடித்த பிறகுதான் கூழ்ச் சட்டியைத் திறக்கிறார்.