சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் சேறு

பிச்சாவரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் படகில் போனால், சுரபுன்னை வேர்களுக்கு அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து சுற்றுலா வந்தவர்களுக்கு அது பழகிய நாற்றம். தோல் ஷாப் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் தேங்கிய ஓடைக்கு அருகில் குடியிருந்தவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு இடத்திலும் வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற ஒரே வாயு. வட ஆற்காட்டு மண்ணுக்கும் கடலோர அலையாத்திக் காட்டுக்கும் இடையே இப்படி ஓர் உறவு இருப்பது பலருக்கும் தெரியாது. அந்த உறவின் நடுவில் இருப்பவை சில வகை பாக்டீரியாக்கள்.

முதலில் கடற்கரைச் சேற்றைப் பார்ப்போம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீரில் ஊறிக் கிடக்கும் சேற்றில் மேலே உள்ள சில மில்லிமீட்டர் வரைதான் அது எட்டும். அதையும் மேலடுக்கு நுண்ணுயிர்கள் உடனே தீர்த்துவிடுகின்றன. ஆனால் மேலிருந்து இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. புதையும் உணவுக்குக் குறைவே இல்லை.

நாம் உண்ணும் உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்ஸிஜன் வாங்கிக்கொள்கிறது. சுவாசம் என்பதன் சாரம் அதுதான். ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்தில் வேறு ஏதாவது ஒன்று அவற்றை வாங்கியாக வேண்டும். முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, அதன்பின் கந்தகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சல்ஃபேட் என்று ஆழம் செல்லச் செல்ல ஆள் மாறுகிறது. படி இறங்க இறங்கக் கிடைக்கும் ஆற்றலும் குறைகிறது. ஆனாலும் அலையாத்திச் சேற்றில் பெரும்பங்கு வேலை சல்ஃபேட்டை நம்பியே நடக்கிறது. காரணம் கடல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்திருக்கிறது. கடல் பொங்கி ஏறும் ஒவ்வோர் ஓதமும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் இந்தப் பாக்டீரியாவை 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெயரிங்க் முதன்முதலில் பிரித்துக் காட்டினார். இன்று இதன் உறவினங்களில் நன்கு அறியப்பட்டது டீசல்ஃபோவிப்ரியோ. இவற்றால் முழு இலையைச் செரிக்க முடியாது. வேறு நுண்ணுயிர்கள் இலையை உடைத்துப் புளிக்கவைத்து, சிறிய அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றித் தந்தால்தான் இவற்றுக்கு உணவு. இவை அந்த உணவைக் காலி செய்துவிடுவதால், அதே உணவுக்குப் போட்டியிடும் மீத்தேன் உண்டாக்கிகள் பட்டினி கிடக்கின்றன. உப்புச் சேற்றிலிருந்து நன்னீர்ச் சேற்றைவிட மீத்தேன் குறைவாக வெளியேறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தச் சுவாசத்தின் கழிவுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது நஞ்சு, வேர்களின் உயிரணுக்களையும் மூச்சுத் திணற வைக்கும். அப்படியானால் அலையாத்தி மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன? இந்த விஷயத்தில் எனக்கு ஓயாத வியப்பைத் தருவது இந்தக் கேள்விதான். சேற்றிலுள்ள இரும்பு அந்த வாயுவைப் பிடித்து இரும்பு சல்ஃபைடாக மாற்றுகிறது. சேறு கறுப்பாக இருப்பது அதனால்தான். நாளடைவில் அதில் ஒரு பகுதி பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாக இறுகுகிறது. கண்டல் மரம் தன் மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்றை வாங்கிக் கீழே அனுப்புகிறது. வேரிலிருந்து கசியும் அந்தக் காற்றால் வேரைச் சுற்றித் துரு நிறத்தில் மெல்லிய உறை உண்டாகிறது. அந்த எல்லையில் சல்ஃபைடை ஆக்ஸிஜனேற்றிப் பிழைக்கும் வேறு பாக்டீரியாக்கள் குடியேறி, நஞ்சை மீண்டும் சல்ஃபேட்டாக்கிவிடுகின்றன. நண்டுகள் வளை தோண்டி இன்னும் ஆழத்துக்குக் காற்றைக் கொண்டுபோகின்றன. எஞ்சியதை ஓதம் அலசிச் செல்கிறது.

இப்படிச் சல்ஃபைடை நம்பி வாழும் ஒன்றுதான் உலகின் மிகப்பெரிய பாக்டீரியா. கரீபியன் கடலின் குவாடலூப் தீவில், அலையாத்திக் காட்டு நீரில் மூழ்கிக் கிடந்த இலைகளின்மேல் வெள்ளை இழைகளாக அது தென்பட்டது. தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்ற பெயருடன் 2022இல் உலகுக்கு அறிமுகமானது. ஒரே உயிரணு, நீளமோ ஒரு சென்டிமீட்டர் அளவு. நுண்ணோக்கியே வேண்டாம்.

இனி நம் பக்கம் வருவோம். வேலூருக்குக் கடல் இல்லை. ஆனால் தோல் தொழில், கடல் தரும் அத்தனை பொருளையும் இங்கே கொண்டுவந்து கொட்டியது. தோல் கெடாமலிருக்க உப்பு. முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். அடுத்து கந்தக அமிலம். தோலைப் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்துக்குப் பின்னர் வந்த குரோமியம் சல்ஃபேட். இவற்றோடு தோலிலிருந்து கழன்ற புரதமும் கொழுப்பும். உப்பு, சல்ஃபேட், உணவு மூன்றும் காற்றுப் புகாத தொட்டியில் சேர்ந்தால், அலையாத்திச் சேற்றில் நடப்பதே அங்கும் நடக்கும். சேர்க்கப்பட்ட சல்ஃபைடு போதாதென்று பாக்டீரியாக்கள் புதிதாக உண்டாக்கும்.

இல்லாதவை மற்றவை எல்லாம். வேண்டிய அளவு இரும்பு இல்லை, மூச்சு வேர் இல்லை, நண்டு இல்லை, ஓதம் இல்லை. வாயு தொட்டியிலேயே தேங்குகிறது. சல்ஃபைடு கலந்த கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஒரே கணத்தில் குபீரென்று கிளம்பும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் அங்கேயே விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். கழிவுத் தொட்டிக்குள் மனிதனை இறக்கக் கூடாது. இதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதே பாக்டீரியாக்களால் நமக்கு நன்மையும் உண்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நிலத்தடி நீரில் கலந்தது. அது நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். சல்ஃபைடும், பாக்டீரியாக்கள் விடுவிக்கும் இரும்பும் அதை மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக மாற்றுகின்றன. இந்த வடிவம் பெரும்பாலும் கரையாமல் மண்ணிலேயே படிந்துவிடும், நஞ்சும் மிகக் குறைவு. ஆனால் உலோகம் எங்கும் போய்விடவில்லை. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடும். எனவே இதைக் காட்டி, கழிவை அகற்றும் பொறுப்பிலிருந்து யாரும் நழுவ முடியாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததும் நம் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான்.

சேற்றை அதன் இடத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரையிலும் பார்க்கலாம். இறால் பண்ணைக்காக அலையாத்தி நிலத்தை வெட்டி உலர்த்தினால், இறுகிக் கிடந்த பைரைட் காற்றைக் கண்டு கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த மண்ணில் பிறகு எதையும் வளர்ப்பது கடினம்.

பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே காட்டலாம். ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி காட்டிய வழி இது. தோல் கழிவு கலக்காத ஏரிச் சேற்றை ஓர் ஒளிபுகும் பாட்டிலில் எடுத்து, கிழித்த செய்தித்தாளையும் ஒரு முட்டையின் மஞ்சள் கருவையும் கலந்து, மேலே ஏரித் தண்ணீர் ஊற்றுங்கள். மூடியை இறுக்காமல், காற்றோட்டமுள்ள ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். முதலில் கறுப்புத் திட்டுகள் தோன்றும்; அது இரும்பு சல்ஃபைடு. சில வாரங்களில் கீழே பச்சையும் அதன் மேலே ஊதாவுமாக அடுக்குகள் படியும். தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள் அவை. சல்ஃபைடை அதிகம் தாங்குவது பச்சை. அதனால்தான் அது கீழே.